துடைத்த தரை

ஃப்ரிட்ஜ் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்துவிட்டது. சமையலறையோ வழவழவென்ற டைல்ஸ் தரை. மருமகளுக்கு ஏழாவது மாதம். ஏற்கெனவே ஒன்று வயிற்றில் தங்காமல் போன வீடு அது. மாமியாருக்குப் பயம் வராமல் என்ன செய்யும்? கடைக்குப் போன் போட்டு, பிள்ளைத்தாய்ச்சி நடமாடுகிற வீடு, வேறு ஃப்ரிட்ஜ் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு பிடி பிடித்துவிட்டார்.

பேச்செல்லாம் சரிதான். ஆனால் அக்கம்பக்கத்தில் அந்த அம்மாளுக்குப் பளிச்சம்மா என்றொரு பட்டப்பெயர் உண்டு. வீட்டில் தூசி இருந்தால் தூக்கம் வராது. வெளியாள் வருகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். மெக்கானிக் வருவதாகக் கடையில் சொன்னதும் என்ன செய்தார் தெரியுமா? ஃப்ரிட்ஜைக் காலி செய்து, உள்ளும் புறமும் துடைத்து, பின்னால் தண்ணீர் சேரும் தட்டைக் கழுவிக் காயவைத்து, தரையையும் பளபளவென்று ஆக்கி வைத்தார். வந்தவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் முறையும் அதே கூத்து. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான். மகன் ஒருநாள் மெல்ல வாயெடுத்தான். அதற்காக வீட்டைக் குப்பைமேடாகப் போட்டு வைக்கச் சொல்கிறாயா என்று அம்மா போட்ட ஒரே போடில், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனான்.

கடை மேனேஜருக்கும் பொறுமை போயிற்று. இந்தத் தடவை தானே வருவதாகவும், பழுது கண்ணில் படாவிட்டால் புகாரை முடித்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட அந்தக் காலையில் தண்ணீர் பாதி சமையலறைக்குப் பரவியிருந்தது. அதில் காலடித் தடங்கள், ஓரத்தில் அழுக்குக் கோடு. வாசல் மணி அடித்ததுதான் தாமதம், பளிச்சம்மா துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். வந்த நாளிலிருந்து மறுசொல் சொல்லாத மருமகள் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடைக்காதீங்க அத்தை."

"வழி விடும்மா. வர்றவர் இந்தக் கோலத்தைப் பார்த்தா நம்மள என்ன நினைப்பார்?"

"போன வாரம் நான் இங்கதான் வழுக்கி விழுந்தேன்."

துணி பிடித்த கை அப்படியே நின்றது. தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாளாம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்றார்களாம். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. அடிப்பாவி, என்னிடமாவது சொல்லக் கூடாதா என்று மாமியார் கேட்டார்.

"சொல்லியிருந்தா, பார்த்து நடக்கத் தெரியாதான்னு கேட்டிருப்பீங்க."

சுருக்கென்று தைத்தது. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். கேட்டிருப்பார்தான், அதே வார்த்தைகளில் கேட்டிருப்பார்.

மணி மறுபடி அடித்தது. பளிச்சம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். தரை வழுக்கும், பார்த்து வாங்க தம்பி என்று மேனேஜரை நேரே சமையலறைக்கு அழைத்துப் போனார். அவர் அந்த அழுக்குத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க அம்மாளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் துணியைத் தொடவில்லை. மேனேஜர் தண்ணீர் வரும் வழியைப் பிடித்துக்கொண்டு குனிந்து தேடினார். ஃப்ரிட்ஜின் உள்சுவர் அடியில் விரிசல் விட்டிருந்தது. முன்னமே இதைக் காட்டியிருக்கலாமே என்று அவர் சொன்னதற்கு, காட்டியிருக்கலாம் என்று மட்டும் பளிச்சம்மா ஒப்புக்கொண்டார். சாயங்காலத்துக்குள் வேறு ஃப்ரிட்ஜ் வந்துவிடும் என்று சொல்லி மேனேஜர் கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த பளிச்சம்மா மருமகளை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"எங்கேம்மா அடிபட்டுச்சு?"

மருமகள் இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். கன்றிப்போய், அந்தக் கன்றலும் ஆறி மஞ்சளாகியிருந்தது. ஒரு வாரமாக அந்தக் கையால்தான் இந்த அம்மாளுக்குக் காபி நீட்டியிருக்கிறாள்.