பிந்திய கெட்டிமேளம்

ஜன்னல் திறந்திருக்கிறது. சாரல் மைக்கின் கால்வரை வந்து நிற்கிறது. யாரும் எழுந்து சாத்தவில்லை.

முந்தைய ஆல்பங்களுக்கெல்லாம் கதவிடுக்கில் துணி சொருகி, ஒரு காக்காய்க்குக்கூட இடம் கொடுக்காமல் பதிவு செய்தவர்கள் நாங்கள். இந்த முறை கோவளத்தில், கடல் பார்த்த வாடகை வீடு. மழையும் பாடட்டும் என்கிறான் ஜோயல்.

ஜோயல் கிதார். மெஹர் குரல். நான் தட்சிணா, தவில். கல்யாண மேளத்தையும் ராக் கிதாரையும் தர்கா வாசல் பாட்டையும் ஒரே அடுப்பில் ஏற்றியவர்கள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

பெயர் வந்தது. கூடவே க்ளிக்கும் வந்தது. டிக், டிக், டிக். ஹெட்போனுக்குள் கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். அதன்மேல்தான் வாசிக்க வேண்டும்.

என் தவில் ஓடும். நிற்கும். ஆள் பார்த்து மூச்சு விடும்.

"கொஞ்சம் கட்டுக்குள்ள வாடா, தட்சிணா," என்பான் ஜோயல். வந்தேன். அடம்பிடித்திருக்கலாம். செய்யவில்லை.

அந்த டிக்கோடுதான் குடும்பம் நடத்தினேன். பல் தேய்க்கும்போது டிக். பஸ்ஸில் டிக். இவனைப்போல ஒழுங்காக வாசிக்க ஆளில்லை என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன.

போன தை மாதம் அக்கா மகள் கல்யாணம். நானே வாசிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். தாலியைக் கையில் எடுத்ததும் ஐயர் விரலைத் தூக்கி ஆட்டினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

அந்த விரலைப் பார்த்ததும் தவில்காரன் கை வெடிக்க வேண்டும். எந்தத் தாளத்தில் இருந்தாலும், அங்கேயே விட்டுவிட்டு.

என் கை காத்திருந்தது. கணக்கு முடியட்டும் என்று காத்திருந்தது.

தவில் இல்லாமலே முதல் முடிச்சு விழுந்துவிட்டது.

"என்னடா, தூங்கிட்டியா?" என்று அக்கா பிறகு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது க்ளிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மெஹர் நினைத்த இடத்தில் நிற்கிறாள், நினைத்த இடத்தில் பாய்கிறாள். ஜோயலின் கிதாருக்கு வயசு குறைந்துவிட்டது. இருவர் முகத்திலும் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட வெளிச்சம். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பொறாமையாகவும் இருக்கிறது.

"உன்னை நம்பித்தான்டா இந்த ஆல்பம்," என்கிறான் ஜோயல். "நீ ஓடு. நாங்க பின்னாடி வர்றோம்."

ஓடத்தான் பார்த்தேன். கைப்பிடி இல்லாத மாடிப்படி மாதிரி இருந்தது. காலைப்பொழுது பூராவும் தடுமாற்றம். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது என்று மழைமேல் பழியைப் போட்டேன். பாவம், மழை என்ன செய்யும்.

சாப்பாட்டுக்குப் பிறகு, இருவரும் பார்க்காதபோது, ஒரு காதில் இயர்பட்டைச் செருகிக்கொண்டேன். செல்போனிலிருந்து எனக்கு மட்டும் க்ளிக். முடி மறைத்துக்கொண்டது.

டிக், டிக், டிக்.

கை நிதானத்துக்கு வந்தது. என் அடிமேல் மெஹர் அலைந்தாள். போய்ப் போய்த் திரும்பினாள். மழை வலுத்தது. கிதார் அதோடு சண்டை போட்டது, சமாதானமானது. பாட்டு முடிந்ததும் மெஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுதான்டா! க்ளிக்கே இல்லாம!" ஜோயல் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். பிடித்த வேகத்தில் இயர்பட் தெறித்து அவன் காலடியில் விழுந்தது.

குனிந்து எடுத்தான். காதில் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தானே உன்னை இதுல இழுத்துவிட்டேன்," என்றான். பிறகு, மெதுவாக, "நிறுத்திடுடா, தட்சிணா. தப்பாப் போனாலும் பரவாயில்ல."

"காலையில நிறுத்திட்டுத்தான் வாசிச்சேன், ஜோயல். உள்ள அது நிக்கல."

அவன் என் செல்போனை எடுத்து அணைத்தான். மெஹர் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிப்புக் கூடு மாட்டிய விரல் ஒன்று தவிலின் ஓரத்தில், கொஞ்சமும் பிசகாமல், தட்டிக்கொண்டிருந்தது.