பிளக்ஸுக்கு ஒரு முகம்

பாறசாலைப் பக்கம் ஒருவர் இறந்துபோனால் போதகர் வீட்டுக்கு ஒருவர் ஓடுவார், பிளக்ஸ் கடைக்கு இன்னொருவர் ஓடுவார். யார் முதலில் போய்ச் சேர்வார் என்று கேட்டால், பிளக்ஸ் கடைக்கு ஓடியவர்தான். பிணவறையிலிருந்து ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் சாலை முக்கில் ஆளுயரப் படம் நின்றாக வேண்டும். படம் இல்லாமல் ஆளைக் கொண்டுவந்தால், கேட்க நாதியில்லாத வீடா என்று நாலு பேர் கேட்பார்கள். அப்படிக் கேட்பதற்கென்றே ஊரில் நாலு பேர் இருக்கவும் செய்கிறார்கள்.

ராஜையா முந்தின நாள் சாயங்காலம் அம்பூரியிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வந்த வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. அவருக்கும் மனைவி லீலாபாய்க்கும் பிள்ளைகள் கிடையாது. ஆகவே சாவுக் காரியம் முழுவதும் பக்கத்து வீட்டிலிருந்த அண்ணன் குடும்பத்தின் தலையில் வந்தது, ஆட்களும் அந்த வீட்டில்தான் கூடியிருந்தார்கள். அண்ணன் மகன் சானு நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறவன். பிளக்ஸைத் தானே வீட்டுக் கம்ப்யூட்டரில் தயார் செய்து கடைக்கு அனுப்பிவிடுவதாக ஏற்றிருந்தான். படம் கொடுத்தது அவன் தங்கை பின்சி. வினை அங்கேதான் தொடங்கியது.

காலையில் அவள் வாட்சப்பில் அனுப்பிய படத்தில் ராஜையா சிரித்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் தெரிய, கண் சுருங்க, வாய் நிறைந்த சிரிப்பு. கேமராவைக் கண்டாலே போலீஸைக் கண்டதுபோல விறைத்துவிடும் மனிதர் இப்படிச் சிரித்திருப்பதைப் பார்த்து வீடே அதைச் சுற்றிக் கூடியது. லீலாபாய் சித்தி அழுகையை நிறுத்திவிட்டு போனைக் கையில் வாங்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

"எனக்க கல்யாண போட்டோவில கூட இந்த மனுசன் இப்பிடிச் சிரிக்கேல்ல. இது எங்க வச்சு எடுத்தது மக்கா?"

"நெய்யாத்தங்கரையில வச்சு சித்தி. ஒரு நாள் ஸ்கேன் சென்டருக்கு வந்தப்பம்." பின்சி ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருக்கிறவள். பொய் அவள் வாயில் அத்தனை சுலபமாக வந்ததில் அவளுக்கே பயமாக இருந்தது.

இப்போது சானு நடு அறையிலிருந்து கத்தினான். "ஏட்டி பின்சி, இது ஆகாது! பெரிசாக்கினா உடையுது. நாடியோட வெட்டி வச்சிருக்கே. ஒரு பக்கம் வேற ஆருக்கயோ காது வருது. ஒரிஜினல் எங்க?"

அந்தக் காதுக்குச் சொந்தக்காரன் அனூப். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பேட்டரி கடை வைத்திருக்கும் கருணாகரனின் மகன், இந்து. ஒரிஜினல் படத்தில் அவன் கழுத்தில் மாலை கிடந்தது. பின்சியின் கழுத்திலும் கிடந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த ராஜையா நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நெய்யாற்றின்கரை ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் எடுத்த படம் அது. அந்த வீட்டில் அதைப் பற்றி அறிந்திருந்த ஒரே ஆள் இப்போது பிணவறையில் குளிர்ந்துகொண்டிருந்தார்.

அவர்தான் எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "ஓணம் கழியட்டு மக்கா, உனக்க அப்பனிட்ட நான் பேசுதேன். நான் பேசினா அண்ணன் கேப்பான்" என்று சொன்னார். பின்சி அந்த வார்த்தையை நம்பி, ஒன்றும் நடவாததுபோல வேலைக்குப் போய்வந்து அப்பாவுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. சபையில் லிஜா என்ற பெண் ஓர் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனபோது, கமிட்டியில் எழுந்து நின்று, "எனக்க வீட்டில இப்பிடி ஒண்ணு நடந்தா, அதுக்குப் பின்ன எனக்கு மவள் கெடையாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். சொன்னதைச் செய்கிற ஆளும்கூட. பேச வேண்டியவர் பேசாமலே போய்விட்டார். இனி அந்தப் படம் திறந்தால், அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு இந்த மரண வீட்டிலிருந்தே இறங்க வேண்டியதுதான்.

"போன்ல சார்ஜ் இல்ல அண்ணா."

"கேபிள் போட்டா சார்ஜும் ஏறும். கொண்டா."

"நானே சரியாக்கி அனுப்புதேன்."

"நீ அனுப்பினதாக்கும் இந்தக் கோலம். இனி அனுப்பாதே. கேபிள்ல எடுக்கணும், தோளு வரை முழுசா வேணும். மிச்சத்த நான் பாத்து வெட்டிக்கிடுதேன்."

பின்சி அடுக்களைக்குள் போனாள். கதவு மறைவில் நின்று அந்தப் படத்தைத் திறந்து, இன்னொரு தடவை வெட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் விரல் நுனி அளவு நகர்த்தினால் அவளுடைய மாலையின் பிச்சிப்பூ வந்தது. வலப்பக்கம் நகர்த்தினால் அனூப்பின் மீசை வந்தது. சித்தப்பா இரண்டு பேரையும் அத்தனை நெருக்கமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அழித்துவிடலாமா என்று பெருவிரல் ஒரு நொடி குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் போய் நின்றது. அழித்தால் அந்தச் சிரிப்பும் போகும். அவளால் முடியவில்லை.

"பின்சி!" இந்த முறை கூப்பிட்டது அம்மா ஓமனா. "அவன் விளிக்கது கேக்கேல்லியா? கடைக்காரன் ரெண்டு தடவ போன் பண்ணியாச்சு."

நடு அறையில் கம்ப்யூட்டரைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். மரண வீட்டில் அழுகைக்கு நடுவே பார்க்க ஏதாவது கிடைத்தால் யாரும் விடுவதில்லை. லீலாபாய் சித்திக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. சானு கேபிளை நீட்டினான். பின்சி போனைக் கையிலிருந்து விடாமல், தானே கேபிளைச் செருகினாள்.

போன் கேட்டது: சார்ஜ் மட்டுமா, பைல் டிரான்ஸ்பரா? அவள் திரையைத் தன் பக்கம் சாய்த்து, சார்ஜ் மட்டும் என்பதை அழுத்தினாள்.

சானு மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தான். "காணேல்லியே."

"கேபிளுக்குக் கேடா இருக்கும்."

அவன் மேசை இழுப்பறையைக் குடைந்து இன்னொரு கேபிள் எடுத்தான். அவள் மறுபடி செருகினாள், மறுபடி அதையே அழுத்தினாள். மூன்றாவதாக அவனுடைய சொந்தக் கேபிள் வந்தது. அது நல்ல கேபிள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதிலும் ஒன்றும் வரவில்லை. "போனை இங்க தா, நான் பாக்கேன்" என்று அவன் கை நீட்டிய அதே நேரத்தில் முற்றத்திலிருந்து அப்பா உள்ளே வந்தார். தார்ப்பாய் கட்டுகிறவர்களோடு கத்திக் கத்தி அவர் குரல் கம்மியிருந்தது.

"இன்னும் ஆவேல்லியா? ஆம்புலன்ஸ் பெறப்பட்டாச்சாக்கும்."

"இவளுக்க போன் கனெக்ட் ஆவேல்ல அப்பா."

"பின்ன எதுக்கு அதையே கெட்டிப்பிடிச்சிட்டு இருக்கே? எலக்ஷன் கார்டுல ஒரு படம் உண்டுல்லா. அதைப் போடு."

சானு போன் பக்கமாக நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பின்சிக்கு மூச்சு வந்தது. தப்பித்துவிட்டாள். கேபிளை உருவிவிட்டு, போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

கார்டை ஸ்கேன் செய்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ராஜையா வந்தார். கறுத்து, வீங்கி, ஒரு கண் பாதி மூடி, எதையோ திருடிவிட்டு அகப்பட்டவரைப்போல முழித்துக்கொண்டிருந்தார். சானு வெளிச்சத்தைக் கூட்டினான். அப்போது திருடன் வெளுத்த திருடன் ஆனான், அவ்வளவுதான். கீழே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி என்று வந்தது.

லீலாபாய் சித்தி அதைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"செரி, போவட்டு. செத்தவருக்கு என்ன தெரியும்" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள்.

அந்தப் பேச்சுத்தான் பின்சிக்குப் பொறுக்கவில்லை. ரெஜிஸ்டர் ஆபீஸில் அவளுக்குக் கையெழுத்து வராமல் நின்றபோது, "எழுது மக்கா, நான் நிக்கேன்" என்று சொன்ன முகத்தை, இந்தக் கோலத்தில் முக்கில் தூக்கிக் கட்டப்போகிறார்கள். கட்டட்டும் என்று நிற்பதற்கு அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? தன்மேல் அவளுக்கு அருவருப்பாக வந்தது. அப்பாவைப் பார்த்தாள். பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. இருந்தும் மேசைக்குப் போய், சானுவின் நல்ல கேபிளை எடுத்துப் போனில் செருகினாள். இந்தத் தடவை பைல் டிரான்ஸ்பர் என்பதை அழுத்தினாள்.

"வந்துட்டு!" என்றான் சானு.

பழைய கம்ப்யூட்டர். போல்டரைத் திறந்தால் முதலில் வெறும் சாம்பல் கட்டங்கள்தான் வரும். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் படம் நிறையும். மேலே பச்சைக் கோடு ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. சர்ச் ஆண்டு விழா நிறைந்தது. ஸ்கேன் சென்டர் தோழிகள் நிறைந்தார்கள். சானு உருட்ட உருட்ட, அந்த நாள் அருகே வந்துகொண்டிருந்தது.

"நில்லு அண்ணா. அதை நானே தொறக்கேன்."

அவன் மவுஸை விட்டான். அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். திரை முழுவதும் மாலையும் கழுத்துமாக அவர்கள் வந்து நின்றார்கள்.

முற்றத்தில் யாரோ கயிறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓமனா மட்டும், "கர்த்தாவே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதாரு?" என்றார் அப்பா.

"அனூப். பேட்டரி கடைக் கருணாகரனுக்க மவன். ரெஜிஸ்டர் கழிஞ்சுது அப்பா. ஓணத்துக்குப் பின்ன சொல்லலாம்னு இருந்தோம்." அவளுடைய குரல் அவளுக்கே எங்கிருந்தோ கேட்டது. "சித்தப்பாவாக்கும் சாட்சி."

அப்பாவின் கை ஓங்கியது. அடி விழும் என்று பின்சி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, நடுவில் லீலாபாய் சித்தி வந்து நின்றிருந்தாள். அவள் தடுக்க வந்தவள் இல்லை. அவளுக்கு அங்கே வேறு யாரும் கண்ணில் படவில்லை. திரைக்கு அருகே போய் அந்தச் சிரிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லேல்லியே" என்றாள். "எனக்கிட்டயுமா மறைக்கணும்?"

அப்பா ஓங்கிய கையோடு தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்வை கொஞ்சம் கீழே இறங்கியது. கை தானாகத் தாழ்ந்தது.

"எலே சானு. இதைக் கொஞ்சம் பெரிசாக்கு. முகத்தயில்ல, நெஞ்சுப் பக்கம்."

சானு பெரிதாக்கினான். நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை. மேலேயிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் வேறு நிறம்.

"இது எனக்க சட்டையில்லா?"

"ஈஸ்டருக்கு எடுத்தது" என்றாள் ஓமனா மெல்ல. "பட்டன் போச்சுன்னு நானாக்கும் வேற ஒண்ணு தச்சேன்."

அப்பா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லாமல், திரையிடமே சொல்வதுபோலப் பேசினார். "அண்ணைக்குக் காலையிலயே வந்து இந்தச் சட்டையக் கேட்டான். எங்கலே போறேன்னு கேட்டேன். 'உனக்குப் போவ வேண்டிய எடமாக்கும் அண்ணா. நீ போவ மாட்டே. உனக்க சட்டையாவது போவட்டு'ன்னு சொன்னான். தமாசு பறையுதான்னு நெனச்சு, இஸ்திரி போட்டுட்டுப் போலேன்னு நானே சொன்னேன்."

பின்சிக்கு இது புதிது. அன்று அவர் நல்ல சட்டை போட்டு வந்திருக்கிறார் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். அப்பா இல்லையே என்று அந்த வாசலில் நின்று அவள் கண் கலங்கியபோது, அவர் நெஞ்சை நிமிர்த்திக் காட்டி ஏன் அப்படிச் சிரித்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது. சாவுச் செய்தி வந்ததிலிருந்து பயத்தில் அடைத்துக்கிடந்த அழுகை அத்தனையும் ஒன்றாக வந்தது. சித்தியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள்.

சானுவின் போன் அடித்தது. பிளக்ஸ் கடை. "தா, இப்போ தராம் சேட்டா, அஞ்சு மினிட்டு" என்று மலையாளத்தில் கெஞ்சிவிட்டு அப்பாவைப் பார்த்தான். "என்ன செய்யணும் அப்பா?"

"இதைப் போடு. அவன் மட்டும் போதும். மத்தவங்கள வெட்டு." அப்பா பின்சியின் பக்கம் திரும்பவில்லை. "சட்டை முழுசும் தெரியணும்."

சானு வெட்டினான். முதலில் பின்சி போனாள், மாலையோடு. அடுத்து அனூப்பின் முகம் போனது, மீசை போனது, காது போனது. திரையில் ராஜையா மட்டும் மிஞ்சினார். நீலக் கோட்டுச் சட்டையும் வாய் நிறைந்த சிரிப்புமாக நின்றார். அவன் கை சட்டென்று நின்றது.

"அப்பா, அந்த ஆளுக்க கை சித்தப்பாவுக்க தோளில கெடக்கு. அதை வெட்டினா சட்டையும் சேந்து போவும். அழிச்சு எடுக்க இப்பம் நேரம் இல்ல."

எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஐந்து விரலும் பிரிந்து, தோளைப் பிடித்தபடி கிடந்தது. பேட்டரி வேலை செய்கிற கை, நகக்கண்ணில் கறுப்பு. அப்பா வெகுநேரம் பார்த்தார். கடைக்காரன் மறுபடியும் கூப்பிட்டான். சானு எடுக்கவில்லை.

"கெடக்கட்டு" என்றார் அப்பா.

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றத்துக்கு இறங்கப் போனவர், வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

"ஆளுயரத்துக்கு அடிக்கச் சொல்லு."