பத்துக் கேள்விக்கும் ‘இல்லை’

குழந்தைக்கு அன்று நாற்பத்திரண்டாம் நாள். தடுப்பூசி போட்ட கையோடு நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். பிள்ளை பெற்றவளின் மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள். மருமகளின் தோளில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்ததால் மாமியார் வாங்கிக்கொண்டாள்.

மாமியார் சட்டைக் கம்பெனியில் இருபது வருஷம், தைத்த சட்டையில் பழுது தேடும் செக்கராக இருந்தவள். காலர், கை, காஜா என்று விரலை ஓட்டி, மூச்சு விடுவதற்குள் அடுத்த சட்டைக்குப் போகிற கை. அதே வேகத்தில் மேலிருந்து கீழாகப் பத்து டிக் விழுந்தன. எல்லாம் ‘இல்லை’.

மருமகள் எட்டிப் பார்த்தாள். வீட்டில் இந்தக் கண்ணுக்குத் தப்பியது எது? மடித்த துணியில் சுருக்கம், பால் பாட்டிலில் சோப்பு வாடை, பெற்றவள் முகத்தில் சிரிப்பில்லை என்று எதற்கெடுத்தாலும் நொட்டை. குழாயைத் திறந்துவிட்டு அவள் குளியலறையில் அழுதபோது, தண்ணீர் வீணாகிறதென்று கதவைத் தட்டியவளும் இவளேதான். லாரி ஓட்டுகிற எனக்கு இல்லாத அலுப்பா என்று கணவன் தன் பங்குக்குக் கேட்டிருந்தான்.

நர்ஸ் தாளைக் கோப்பில் செருகப் போனாள்.

“அது என் பதில் இல்ல சிஸ்டர். வேற தாள் குடுங்க.”

தூக்கமில்லாமல் ஏதோ உளறுகிறாள் என்று மாமியார் மழுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, நாலு பேரு பைத்தியம்னு பேசணுமா?” என்றாள்.

“பேசட்டும் அத்தை. ஒரு நூல் பிரிஞ்சா சட்டையத் திருப்பி அனுப்புவீங்க. நான் மொத்தமா பிரிஞ்சு கெடக்கேன், எனக்கு மட்டும் பாஸா?”

நர்ஸ் இருவரையும் உட்காரச் சொன்னாள். கர்ப்பத்தில் ஏறிய ஹார்மோன்கள் பிரசவமான சில நாளிலேயே சரசரவென்று இறங்கிவிடுமாம். எல்லோருக்கும் இறங்கும்; சிலருக்கு மனதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தூக்கமின்மையும் வீட்டுப் பேச்சும் அதை இன்னும் அமுக்கும். திமிரில்லை, நோய்; வைத்தியம் உண்டு.

“இத ஏன் பிரசவத்தன்னைக்கே யாரும் சொல்லல?” என்றாள் மருமகள்.

நர்ஸ் புதுத் தாளை எடுத்துக் கொடுத்தாள்.

குழந்தையை மாமியார் மடியில் கிடத்திவிட்டு மருமகள் பேனாவைப் பிடுங்கினாள். பத்தாவது கேள்வி, செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா என்பது. ‘சில சமயம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த மாமியாரின் கண் அந்த டிக்கிலேயே நின்றது.

நர்ஸ் வரிசையைத் தாண்டி மருமகளை டாக்டர் அறைக்குக் கூப்பிட்டாள். மாமியாரும் எழுந்தாள்.

“நீங்க உக்காருங்க அத்தை. உள்ள என்னையத்தான் கேப்பாங்க.”