ஈட்டிக்கு நேரே ஓடும் குதிரை

1

இந்தக் கதை என் யோசனை அல்ல. அண்ணன் ஜெராட் கேட்டு எழுதுவது. லண்டனின் பார்க்கிங் பகுதியில் பிறந்து வளர்ந்த அவருடைய மகள் டிலக்சனா, பிரிட்டிஷ் ராணுவத்தின் குதிரைப் படையில் சேரப்போகிறாள். திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு.

“நீ எழுதுறனிதானே. போரில குதிரையள் சாகிறமாதிரி ஒண்டு எழுது. அதைக் கேட்டாவது ஆமிக்குப் போறதை விடட்டும்,” என்றார்.

கதை எழுதி யாரையாவது தடுத்த எழுத்தாளர் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘அசீரியத் தேர்க்குதிரைகள் காலை வெயிலில்...’

(அடித்துவிட்டேன். குதிரை வெயிலில் நின்றாலே அழகாகிவிடுகிறது. பயமுறுத்த வந்த கதை ஆள்சேர்ப்பு விளம்பரமாகிறது.)

இரண்டாவது: ‘ஈட்டி வரிசையை நோக்கி அந்தக் குதிரை பாய்ந்தது. அதன் நெஞ்சில்—’

டிலக்சனாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் விளங்கும். வாசித்துக் காட்டினேன்.

“சித்தப்பா, குதிரை தானா ஈட்டிக்கு நேர ஓடாது. அது பயந்த மிருகம். ஆரோ பழக்கியிருக்கோணும். அந்த ஆள் எங்க?”

ஆள் இல்லை. போர்க்களம் நிறையக் குதிரைகளை நிறுத்தியிருந்தேன். அவற்றுக்குத் தண்ணீர் காட்டக்கூட ஒருவனை எழுதவில்லை.

3

பழக்குகிறவனை எழுதினேன். அவன் தூரத்தில் முரசு அடிக்கச் சொல்கிறான். குதிரை மிரள்கிறது. அவன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறான். முரசு நாளுக்கு நாள் கிட்ட வருகிறது.

(அடிக்குறிப்பு மாதிரி: பண்டைய மேற்காசியாவில் குதிரைப் பயிற்சியைக் களிமண் பலகைகளில் எழுதி வைத்தார்கள். என்ன தீனி, எவ்வளவு ஓட்டம், எப்போது குளிப்பாட்டுவது எல்லாம் உண்டு. குதிரையிடம் என்ன பேசினார்கள் என்பதை நான் எங்கும் படிக்கவில்லை.)

ஆகவே குதிரையோட்டம் பழகும் டிலக்சனாவிடமே, என்ன பேசுவாள் என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை. ட்ரெயின் லேற், லிஃப்ட் பழுது, அப்பிடி ஏதும். குரல் நிக்கக்கூடாது, அவ்வளவுதான்.”

“ரைடிங் கிளாசில படிப்பிச்சதோ?”

“இல்லை. நவம்பரில இஞ்ச ஊர் முழுக்க வெடி கொளுத்தேக்க அப்பா பாத்ரூமுக்க பூட்டிக்கொண்டு இருப்பார். சின்னனில இருந்து நான்தான் வெளிய நிண்டு கதைக்கிறனான்.”

மன்னாரில் ஷெல் விழுந்தபோது அண்ணனும் நானும் ஒரே பங்கர் குழிக்குள் இருந்தோம். அவருடைய நவம்பர் எனக்குத் தெரியாது. வெட்கமாகவும் வருத்தமாகவும் இருந்தது.

4

இப்போது குதிரை முரசுக்கு அசைவதில்லை. அவன் குரலை நம்பி எங்கும் போகும், ஈட்டிக்கு நேரேயும். விடிந்தால் போர்.

முடிவு அ: தேரில் பூட்டுகிறான்.

முடிவு ஆ: அவிழ்த்து விடுகிறான். (ராணுவம் வேறு குதிரையைப் பூட்டும். இதை நானே நம்பவில்லை.)

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

“முடிச்சிட்டியே?”

“வாசியுங்கோ சித்தப்பா, அப்பாவும் கேக்கட்டும்,” என்றாள் டிலக்சனா.

வாசித்தேன். முரசு கிட்ட வந்தபோதே அது யாருடைய குரல் என்று அண்ணனுக்கு விளங்கிவிட்டது. மகளைப் பார்க்காமல் அவள் கையைப் பிடித்தார். அவளும் விடவில்லை.

விடிந்தால் போர் என்ற வரியோடு நிறுத்திவிட்டேன். அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள், இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.