நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்ல

ஃப்ரிட்ஜைத் திறந்து சொட்டு மருந்துப் புட்டியைக் கையில் எடுத்த பிறகுதான், அதைப் போட வேண்டிய கண்கள் கூடத்தில் மூடிக் கிடப்பது அவளுக்கு உறைத்தது. திரும்ப உள்ளே வைக்கவும் மனம் வரவில்லை. கையில் பிடித்தபடியே நின்றாள்.

விடியற்காலையில் தூக்கத்திலேயே கணவர் போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். ஊரில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். சர்க்கரை கண்ணைத் தொட்டு, விழித்திரையில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் அவராகவே வண்டியை விட்டு இறங்கிவிட்டார். ஊசியும் லேசரும் நடந்துகொண்டிருந்தன. அதோடு ஆயுர்வேதச் சொட்டையும் சேர்த்துப் போட்டால் பலன் உண்டா என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு அதே நிறத்தில் வெறும் நீர். யாருக்கு எது என்று கொடுப்பவர்களுக்கே தெரியாது.

அவர் அதில் சேர்ந்தபோது மகள் சண்டை பிடித்தாள். "உங்களுக்கு வெறும் தண்ணி வந்தா என்னப்பா பண்ணுவீங்க?"

"லைசென்ஸ் வாங்காம எவனையாவது தனியா ரோட்ல விட்டிருக்கேனா? மருந்தும் டெஸ்ட் குடுக்கட்டும்" என்றார்.

தினமும் அவர் தலையை மடியில் சாய்த்துச் சொட்டு விட்டது அவள்தான். எப்படி இருக்கு என்பாள். "நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்ல" என்பார்.

மதியம் ஆய்வு நர்ஸ் வந்தாள். கூடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு அவளருகே வந்து உட்கார்ந்தாள்.

"மிச்ச மருந்தைத் திருப்பி வாங்கணும்மா. கடைசியா பார்வை எப்படி இருந்துதுன்னு ஒரு வார்த்தை கேக்கணும். இன்னிக்கு வேண்டாம்னா அப்புறமா வரேன்."

"இன்னிக்கே கேளுங்க."

அதற்குள் கணவரின் அண்ணன் முந்திக்கொண்டார். "நல்லா தேறியிருந்துது. என்கிட்ட போன்ல சொல்லிட்டே இருப்பான். அதை நம்பித்தானே நானும் மூலிகைச் சொட்டு வாங்கிப் போடறேன்." அவருக்கும் சர்க்கரை உண்டு. லேசர் வைக்கச் சொன்ன டாக்டருக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "நீயே சொல்லும்மா."

அவள் அவரைப் பார்த்தாள். நர்ஸைப் பார்த்தாள்.

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னார். ஆனா போன வாரம், பின்னாடி கொடியில என் நைட்டி காஞ்சுட்டிருந்துது. அதைப் பார்த்து ஏதோ கதை சொல்லிட்டிருந்தார். பதில் வரலைன்னதும், 'என்ன, கோவமா?'ன்னு கேட்டார்."

"நீ என்னம்மா பண்ணே?" என்றாள் மகள்.

"செருப்பைக் கழட்டிட்டு, சத்தமில்லாம போய் நைட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டேன். 'கோவமெல்லாம் இல்லையே'ன்னேன்."

அண்ணன், தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எழுதிக்கலாமாம்மா?" என்றாள் நர்ஸ்.

"எழுதுங்க. டெஸ்ட்ல ஏமாத்தினா அவருக்குப் பிடிக்காது."

"அப்போ அது தண்ணிதானா?" என்று கேட்டாள் மகள்.

"எனக்கும் தெரியாதுங்க. மருந்தாவே இருந்தாலும் ஒருத்தரை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எல்லாரோடதும் வந்த பிறகுதான் பிரிச்சுப் பார்ப்பாங்க." நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சதும் உங்களுக்குச் சொல்லட்டுமா?"

அவள் கையிலிருந்த புட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"சொல்லுங்க. எதுவா இருந்தாலும்."

புட்டியைக் கொடுத்தாள். இவ்வளவு நேரம் கையிலேயே இருந்ததில் அதன் குளிர்ச்சி போயிருந்தது.

நர்ஸ் வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணன் பின்னாலேயே போய் நின்றார்.

"அந்த லேசர்... வலிக்குமா?"

"கொஞ்சம் கூசும். அவ்வளவுதான்."

"கூட ஆள் வரணுமா?"

"வந்தா நல்லது."

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள், உள்ளேயிருந்து.

மாலையில் அவரை எடுத்துக்கொண்டு வண்டி கிளம்பியது. அவருடைய டிரைவிங் ஸ்கூலின் பயிற்சிக் கார்கள் பின்னால் வரிசையாக வந்தன. தெருமுனை ஏற்றத்தில் இரண்டாவது கார் நின்றுபோயிற்று. ஓட்டியது புதிதாகச் சேர்ந்த பெண். ஸ்டார்ட் செய்தாள், மறுபடி அணைந்தது. இன்னொரு முறை முயன்றாள். பின்னால் தெரு நெடுக வண்டிகள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.