எரியாத ஒயின்

மரிய புஷ்பம் என் அக்கா. வரதராசன்பேட்டையில் அவள் வீட்டுக்குப் பக்கவாட்டுக் காலியிடத்தில் ஒரு திராட்சைக் கொடி நிற்கிறது. அவள் மாமனாரின் அப்பா வைத்தது. அடித்தண்டு என் தொடைப் பருமன், பட்டை உரிந்து தொங்கும். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோதான் காய்க்கிறது. பழம் சின்னது, தோல் தடிப்பு, புளிப்பு. சாப்பிடக் கொடுத்தால் துப்பிவிடுவார்கள். ஒயினுக்கு மட்டும்தான் ஆகும்; கிறிஸ்துமஸுக்கு அக்கா ஒரு ஜாடி போடுவாள். கொடி கிழடாக ஆகப் பழம் குறைந்தது, நிறம் கூடியது. துணியில் பட்டால் போகாது.

அந்தக் கொடியை வெட்டியாக வேண்டும் என்று நின்றான் அக்காவின் கொழுந்தன் ஆல்பர்ட். அடுத்த வீடு அவனுடையது. ஆகஸ்டில் கார் வாங்கினான். அதைத் தன் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்த அந்தக் காலியிடம் ஒன்றுதான் வழி. இடம் அக்கா பங்கு. முதலில் நயமாகக் கேட்டான், பிறகு பங்காளிகளைக் கூட்டிவந்து கேட்டான். புருஷன் செத்த வீட்டில் சாராய ஜாடி எதற்கு என்றும் கேட்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் டம்ளரை வாங்கிக் குடிக்கிறவன் அவன்தான். அக்கா வெட்ட முடியாது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அப்போது அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு அவள் வீட்டில் கிடந்தேன். யாருக்கும் உபயோகமில்லை.

நவம்பர் கடைசியில், காலை பத்து மணிக்குத் தெருவில் ஜீப் நின்றது. எஸ்.ஐ. தமிழரசனும் ஒரு ஏட்டும் நேராகக் கூடத்துக்கு வந்தார்கள். வீட்டில் சாராய ஊறல் இருப்பதாகத் தகவலாம். அக்கா மறைக்கவில்லை. பீங்கான் ஜாடியை அவளே இழுத்துவந்து வைத்து, வாயில் கட்டிய துணியை அவிழ்த்தாள். போட்டு இருபத்தோரு நாள் ஆகியிருந்தது.

"வூட்டுல காய்ச்சறது குத்தம்னு தெரியுமா?" என்றார் எஸ்.ஐ.

"அடுப்புல ஏத்தவே இல்ல சார். திராட்சையும் சக்கரையும்தான் கெடக்கு. பாத்துக்கங்க."

ஏட்டு பழைய ஆள். ஒரு கரண்டி மொண்டு தரையில் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். சாராயம் என்றால் நீலமாகப் பற்றும். குச்சி சுர்ரென்று அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. மூன்றாவதை எடுத்தபோது அக்கா சொன்னாள்:

"பொட்டி தீந்துட்டா சொல்லுங்க, உள்ள வேற இருக்கு."

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. எரிந்தாலும் எரியாவிட்டாலும் அனுமதி இல்லாமல் போடக்கூடாது, ஒரு பாட்டில் சாம்பிள் எடுக்க வேண்டும் என்றார். எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அக்கா. ஆனால் ரசீது வேண்டும், தீ வைத்துப் பார்த்ததையும் எரியாததையும் அதில் எழுத வேண்டும் என்றாள். அவர் பேனாவைத் திறந்தார். எழுதாமலே மூடினார்.

"எதுக்கும்மா வம்பு. அந்தக் கொடிய வெட்டிட்டா முடிஞ்சிடும்ல."

"கொடிய நீங்க பாக்கவே இல்லையே சார். யாரு சொன்னா?"

வாசலில் இருந்தவர்கள் தெருவில் நின்ற ஆல்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். கைகட்டி நின்றவன் கையை அவிழ்த்தான்.

ஜீப் சாம்பிள் இல்லாமலே போனது. அக்கா ஒரு டம்ளர் மொண்டு தெருவுக்குப் போய் அவன் முன்னால் நீட்டினாள்.

"மொத டம்ளர் உனக்குத்தான ஆல்பர்ட். எல்லாரும் பாக்கக் குடி."

"அண்ணி, நான் என்ன சொன்னேன்னா..."

"குடின்னேன்."

அவன் வாங்கவில்லை. அக்கா ஒயின் குடித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் தெருவில் நின்று, அவனைப் பார்த்துக்கொண்டே, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானம் என்னை எழுப்பினாள். கொடிப் பந்தலுக்கென்று வாங்கிய இரண்டு கல்தூண்கள் சுவரோரம் கிடந்தன.

"நைட் வேலதான வேணாம்னு வந்த. இது பகல் வேல. எந்திரிடா."

காலியிடத்தில் கார் நுழைய வேண்டிய வாயிலில், சரியாக நடுவில், ஒரு தூணுக்குக் காலால் கோடு கிழித்துக் காட்டினாள். கடப்பாரையை எடுத்தேன். தரை சுக்கான் பாறை. ஒரு அடி இறங்குவதற்குள் கை கொப்பளித்துவிட்டது. ஆல்பர்ட் மதில் மேல் தலையை நீட்டி மெதுவாகக் கூப்பிட்டான்.

"மச்சான், ரெண்டடி தள்ளிப் போட்டா கார் போயிடும். நீயாச்சும் சொல்லேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மேலே பார்த்துக் கொடியில் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"மூணடி ஆழம் வேணும்டா," என்றாள்.

தோண்டினேன்.