பதினான்கு நாட்டுத் தயிர்

உலகில் யார் எங்கே ரகசியமாக அணுகுண்டு வெடித்துப் பார்த்தாலும், வலங்கைமானில் தாண்டவமூர்த்தி வீட்டுத் தயிரில் குழி விழும். நிலநடுக்கம் என்றால் ஓரத்திலிருந்து சுருக்கம் வரும். குண்டு என்றால் நட்டநடுவே ஒரே குழி. தினமும் காலை ஆறு மணிக்குப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, குண்டுச் சோதனையைக் கண்காணிக்கும் தலைமையகத்துக்குப் போன் செய்வார். பதினான்கு நாடுகளில் இப்படிப் பானைகள் இருந்தன. ஒரு நாட்டுத் தயிரை மட்டும் நம்பி யார் மேலும் பழி சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம்.

மேளம் அடித்தாலும் குழி விழும் என்பதால், பானையைச் சுற்றிப் பத்து மைலுக்கு மேளம் கூடாது என்பதும் ஒப்பந்தம்தான். மகள் அரசியின் கல்யாணம் அதில்தான் மாட்டிக்கொண்டது. பெண் வீட்டில்தான் முகூர்த்தம், கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டுவதற்கில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

தாண்டவமூர்த்தி மூன்று நாள் யோசித்தார். ஐம்பத்துநான்கு வயதுவரை உலகத்துக்காகத் தயிர் பார்த்தவன் பெற்ற பெண்ணுக்கு என்ன பார்த்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மூன்று நாளும் தயிர் மட்டும் நன்றாக உறைந்தது.

கடைசியில் மேளத்துக்கு அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினார். அதை விசாரிப்பதற்காகக் கஜகஸ்தானிலிருந்து விஞ்ஞானி ஐகுல் தன் குதிரைப்பால் தயிர்ப் பானையோடு வந்து இறங்கினார். அரசிதான் அவருக்குக் காபி கொடுத்தாள்.

"குண்டு வெடிக்கிறவங்க யார்கிட்டயாவது சொல்லிட்டா வெடிக்கிறாங்க மேடம்? நாங்க சொல்லிட்டுத்தானே மேளம் அடிக்கிறோம்."

ஐகுல் காபியைக் குடித்து முடித்தார். "அப்ப பதினாலு நாட்டுக்கும் பத்திரிகை வைங்க. முகூர்த்த நேரத்தைப் பெரிய எழுத்துல போடுங்க."

மஞ்சள் தடவிய பத்திரிகைகள் போயின. காலை ஒன்பது இருபதுக்குக் கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறிய நொடியில் பதினான்கு பானைகளிலும் நட்டநடுவே குழி விழுந்தது. நார்வேக்காரர்கள் தங்கள் குழியில் அட்சதை போட்டார்கள். பத்திரிகை வைத்த குழி கல்யாணம், வைக்காத குழி குண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்.

மறுமாதம், பெயர் போடாத ஒரு நாட்டிலிருந்து தாண்டவமூர்த்திக்கு ஒரு ஜாதகம் வந்தது. குண்டின் ஜாதகம். நல்ல வரன் அமைந்தால் உடனே முடித்துவிடலாம், பத்திரிகை அடிக்கத் தயார் என்று எழுதியிருந்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தார். மனைவி விசாலம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏழுல செவ்வாய் இருக்குங்க. அதே தோஷம் உள்ள வரனா கிடைக்கணும். அதுவரைக்கும் அவசரப்பட வேண்டாம்னு எழுதிருங்க."

எழுதினார். மரியாதையாகப் பதில் வந்தது. காத்திருப்பதாகவும், குண்டு இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் விரதம் இருப்பதாகவும் தெரிவித்திருந்தார்கள்.